நுவரெலியாவுக்கு அருகே, மரங்களுக்கிடையில் கேம்பர் வானில் தங்குவது: எந்த இடம், எந்தக் காலம்?

வவுனியா வழிப்போக்கன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தைப்பொங்கல் முடிந்த கையோடு மலைநாட்டில் ஒரு கிழமை சுற்றுவதென்று வீட்டில் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். படுக்கை, சமையல் மேடை, சிறிய கழிப்பறை எல்லாம் பொருத்திய கேம்பர் வான் ஒன்றை வாடகைக்குப் பேசியாகிவிட்டது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. இருந்தாலும் சீதா எலிய அம்மன் கோயிலையும் ஹக்கலைப் பூங்காவையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நகரத்து விடுதியில் அடைபட்டுக் கிடக்க எங்களுக்கு விருப்பமில்லை. மரங்கள் அடர்ந்த, அமைதியான முகாம் ஒன்றில் வண்டியை நிறுத்தி, காலையில் நகரத்துக்குப் போய் வரலாம் என்பது எண்ணம். சமவெளியில் வளர்ந்த எங்களுக்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. இடம் தேர்வதில் எதைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

கொழும்பு மலையேறி எழுதியது:

முகாம் என்று தேடி எதற்குப் பணத்தைக் கொட்டுகிறீர்கள், அண்ணா? வண்டிக்குள் எல்லாம் இருக்கிறதே. தோட்டத்து வீதிகளில் பைன் மரங்களுக்குக் கீழே, ஓடை பக்கத்தில் ஓடும் இடம் எத்தனையோ இருக்கின்றன. நானும் நண்பர்களும் அப்படித்தான் நிறுத்துவோம். யாரும் எதுவும் கேட்டதில்லை.

பண்டாரவளை ஆசிரியை எழுதியது:

தம்பி, யாரும் கேட்கவில்லை என்பதால் யாருக்கும் வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. அந்த ஓடை எங்கே போகிறது என்று என்றைக்காவது கீழே இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். எங்கள் லயன்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, குழாய் நீர் கிடையாது. மேலே காட்டில் பிறக்கும் ஊற்றை ஒரு சிறு தொட்டியில் கட்டி, அங்கிருந்து குழாயில் இறக்கியிருக்கிறார்கள். அந்த நீர் விழும் இடத்தைத்தான் பீலி என்கிறோம். விடியுமுன் பெண்கள் குடங்களையும் பிளாஸ்டிக் கேன்களையும் வரிசையில் வைத்துவிடுவார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கு நேரமாகுமுன் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்திவிட்டு மலைக்குப் போக வேண்டும். நீண்ட விடுமுறை ஒன்று முடிந்த மறுநாள் அந்தப் பீலியில் சவர்க்கார நுரை வந்தது. நூடில்ஸ் துண்டுகளும் சேர்ந்து வந்தன. தொட்டிக்கு மேலே வண்டிகளை நிறுத்தியிருந்தவர்கள் ஓடையிலேயே சட்டி கழுவியிருந்தார்கள். அன்று முழுவதும் பிள்ளைகள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து நீர் சுமந்தார்கள்.

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளும் இந்த உச்சிக் காடுகளையும் புல்வெளிகளையும் நம்பித்தான் புறப்படுகின்றன. மலையில் நீங்கள் எங்கே நின்றாலும் உங்களுக்குக் கீழே ஒருவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்.

ஆகவே வவுனியாத் தம்பி, முகாமின் படத்தைப் பார்க்குமுன் கழிவு நீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். சரியான குழி இருக்கிறது என்று நேராகப் பதில் சொல்லுபவரிடம் போங்கள். அதற்காகக் கொடுக்கும் பணம் வீணாகாது.

நானுஓயா லொறி எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதற்கு மேல் தண்ணீர் விஷயத்தில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. காலத்தையும் வீதியையும் பற்றிச் சொல்கிறேன். மரக்கறி லொறி ஓட்டி இந்த மலைகளிலேயே காலம் போகிறது.

மலைநாடு முழுவதற்கும் ஒரே மழை என்று நினைக்காதீர்கள். தென்மேல் பருவக்காற்று மே தொடங்கி செப்டெம்பர் வரை கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலை என்று மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும். அதே நாட்களில் வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். காற்று மட்டும் பலமாக அடிக்கும். ஒக்டோபருக்குப் பிறகு கணக்கு மாறும். வெலிமடை, பண்டாரவளை அடங்கிய ஊவா பக்கம் ஜனவரி வரை மழை இழுக்கும், மேற்குச் சரிவு மெல்ல வெளுக்கும். மேற்குச் சரிவிலுள்ள திம்புள்ளைத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரையும் ஊவாத் தேயிலைக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரையும் நல்ல மணம் ஏறும் என்பார்கள். அந்தந்தப் பக்கத்தில் வறண்ட காற்று வீசும் காலம் அது. கொழுந்துக்கு நல்ல காலம் எதுவோ, மரத்தடியில் வண்டி போட்டுத் தங்குவதற்கும் அதுவே நல்ல காலம். பொங்கலுக்குப் பிறகென்றால் நுவரெலியா பக்கம் சரி. இரண்டு கிழமை தள்ளிப் பெப்ரவரியில் வந்தால் இன்னும் சரி. ஏப்ரலில் மட்டும் வரவேண்டாம். வசந்த கால விழாவுக்கு நாடே இங்கு வந்துவிடும், கிரகறி வாவியைச் சுற்றி வண்டி நகராது.

வீதி: கண்டி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியே ஏறுவீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கேம்பர் வான் வெறும் வண்டியல்ல. தண்ணீர்த் தொட்டியும் சாமான்களுமாக எப்போதும் பாரம் ஏற்றியது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ இறங்கும்போதும் அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. அதே வீதியில் கொத்மலை, கெரண்டி எல்ல என்ற இடத்தில் 2025 மே மாதம் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வளைவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் என் கை ஸ்டியரிங்கில் இறுகுகிறது. பிற்பகலில் பனிமூட்டம் இறங்கிவிடும். மதியத்துக்கு முன் முகாமைச் சேருங்கள். இருட்டில், தெரியாத தோட்ட வீதியில், பெரிய வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் நிலை வரவே கூடாது.

கல்கரிச் சித்தப்பா எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தான், கனடாவில் கல்கரியில் இருக்கிறேன். கோடையில் நாங்கள் ஆர்.வி. என்னும் தங்கும் வண்டியை எடுத்துக்கொண்டு பான்ஃப் நகரத்துக்கு அருகில் தங்குவது வழக்கம். டனல் மவுண்டன் முகாமில் ஆர்.வி.க்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் மின்சாரம், குடிநீர், கழிவுக் குழாய் மூன்றையும் வண்டியுடன் பொருத்திக்கொள்ளலாம். கரடிக்குப் பயந்து உணவை வெளியே வைக்க விடமாட்டார்கள். குப்பைத் தொட்டிகூடக் கரடியால் திறக்க முடியாத மூடி போட்டது. இரவில் சத்தம் கூடாது. தேசியப் பூங்கா நிர்வாகமே நடத்துவதால் விதியை மீறினால் உடனே ஆள் வரும்.

இங்கே பான்ஃப் 1,383 மீற்றர் உயரம்தான். நம்முடைய நுவரெலியா அதைவிட ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இவ்வளவு அழகான மலையில் அப்படி ஒரு முகாமை நாம் ஏன் இன்னும் கட்டவில்லை என்று ஊர் வரும்போதெல்லாம் மனம் கேட்கிறது. காடு நம்மிடம் இருக்கிறது, வேலை செய்யப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தம்பி, வண்டியை எடுக்குமுன் அதன் மின் இணைப்பைப் பாருங்கள். முகாமில் சாதாரண 230 வோல்ட் சொக்கெட்தான் கிடைக்கும். மழை படாத உறையுள்ள நீண்ட வயரும், பொருந்தும் பிளக்கும் கையில் இருக்க வேண்டும். கூரையில் சூரியத் தகடு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பனிமூட்டமும் மர நிழலும் சேர்ந்தால் மின்கலம் நிரம்பாது.

கொழும்பு மலையேறி எழுதியது:

ஆசிரியை அக்கா, ஓடையில் கழுவியது எங்கள் கூட்டமல்ல. ஆனால் நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. இனி அப்படி நிறுத்தமாட்டோம்.

ஆனால் பணம் வாங்கும் முகாம்கள் எல்லாம் சரி என்றும் சொல்லாதீர்கள். நான் பார்த்த ஒன்றில் மலைச்சரிவை இயந்திரத்தால் செங்குத்தாக வெட்டி, படிபோல ஆக்கி, கூடாரங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வெட்டிய சுவருக்குத் தாங்கு சுவர் இல்லை, மழை நீர் போகக் கானும் இல்லை. இரவு ஒரு மணி வரை ஒலிபெருக்கி. மின்பிறப்பாக்கி எங்கள் தலைமாட்டிலேயே உறுமியது. பணம் கொடுத்தும் மலையைக் கெடுக்கத்தான் செய்கிறோம் என்றால், அங்கே போய் என்ன பயன்?

மண் ஆய்வாளன் எழுதியது:

இந்த இழையில் மிக முக்கியமான விஷயத்தை மலையேறி தொட்டிருக்கிறார். சரிவுகளைப் பற்றிப் படித்தவன் என்ற முறையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. அந்த இடத்தின் ஆபத்தைப் பற்றி முன்பே எச்சரிக்கை இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகள் ஒரே நேரத்தில் நழுவின. ஒருமுறை அசைந்த மலை, அடுத்த பெரிய மழையில் மீண்டும் அசையக்கூடும். அதனால் இடத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

முகாமுக்குள் போனதும் முதலில் மேலே பாருங்கள். உங்கள் தலைக்கு மேலே உள்ள சரிவு வெட்டப்பட்டிருக்கிறதா? மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றனவா? நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு ஓடுகிறதா? திடீரென்று புதிய ஊற்று கிளம்பினாலோ, இருந்த ஊற்று வற்றினாலோ, தெளிவாக ஓடிய நீர் சேறாக வந்தாலோ, பொதிகளை எடுக்கவும் நிற்காமல் ஆட்களுடன் கிளம்பிவிடுங்கள். இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்திலும் ஓடையின் வாயிலும் ஒருபோதும் நிறுத்த வேண்டாம். மண்ணும் நீரும் இறங்கி வரும் வழி அதுவே. மலை நீட்டி நிற்கும் முதுகுப் பகுதி, தட்டையான பழைய மைதானம், பழைய பங்களா வளவு போன்றவை பெரும்பாலும் பாதுகாப்பானவை. அந்தக் காலத்தில் துரைமார் பங்களாவுக்கு நல்ல இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, லயன்களைப் பள்ளத்தில் கட்டினார்கள் என்பதை இதை எழுதும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. பயணத்துக்கு முதல் நாளும், அங்கே இருக்கும் ஒவ்வொரு மாலையும் பாருங்கள். நீங்கள் தங்கும் பிரிவின் பெயரை முகாம்காரரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். நுவரெலியா மாவட்டம் என்று மட்டும் தெரிந்தால் போதாது.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். யூகலிப்டஸ் காற்றில்லாத நாளிலும் பெரிய கிளையை முறித்துப் போடும். அதற்கு நேர் கீழே வண்டியை நிறுத்த வேண்டாம். பைன் காட்டில் நிலமெங்கும் காய்ந்த ஊசியிலை மெத்தைபோல் கிடக்கும். வறண்ட மாதத்தில் ஒரு பொறி போதும். தீ மூட்ட ஆசைப்பட்டால் முகாமில் அதற்கெனக் கல் கட்டிய இடத்தில் மட்டும் மூட்டுங்கள். நீரூற்றி, கையை வைத்துப் பார்த்து, சூடு இல்லை என்று உறுதியான பிறகே படுக்கப் போங்கள்.

வவுனியா வழிப்போக்கன் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆய்வாளர் ஐயா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் உடனே இரண்டு முகாம்களைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார். ஒன்று ஓடை வாயில், மற்றது புதிதாக வெட்டிய சரிவு.

இன்னும் ஒரு கவலை. அம்மாவுக்குக் குளிர் தாங்குமா? வண்டிக்குள் கேஸ் அடுப்பைச் சிறிது நேரம் எரியவிட்டால் சூடாக இருக்கும் என்று வாடகைக்குக் கொடுப்பவர் சொல்கிறார்.

ஹற்றன் தாதி எழுதியது:

வேண்டாம், தம்பி. தயவுசெய்து வேண்டாம். பூட்டிய வண்டிக்குள் கேஸ் அடுப்போ கரி அடுப்போ எரிந்தால் காபன் மொனொக்சைட் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று தொடங்கும். குளிரும் களைப்பும் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். உறங்கியவர் எழும்பமாட்டார். முகாம் அடுப்பில் மிஞ்சிய கரியைத் தட்டில் போட்டு உள்ளே கொண்டுவருவதும் அதே ஆபத்துத்தான். சமைக்கும்போது கதவையும் யன்னலையும் திறந்து வையுங்கள், முடிந்ததும் சிலிண்டரை மூடுங்கள். படுக்கும்போதும் ஒரு யன்னலை இரண்டு விரலளவு திறந்திருக்க விடுங்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியில் வழிந்து படுக்கையை நனைக்காமலும் இருக்கும்.

ஜனவரி, பெப்ரவரி இரவுகள் கடுமையானவை. வானம் தெளிந்த சில விடியல்களில் புல்லின்மேல் வெள்ளையாக உறைபனி படியும். உருளைக்கிழங்கு, மரக்கறிச் செடிகள் கருகிப் போகும். அம்மாவுக்கு மெல்லிய உடுப்பை மூன்று நான்கு அடுக்காகப் போட்டு, மேலே கம்பளி. தலைக்கும் காதுக்கும் தொப்பி, காலுக்கு இரண்டு சோடி மேசு. சுடுநீர்ப் பையைத் துணியில் சுற்றி முழங்காலுக்கு அருகில் வையுங்கள். நேரடியாகத் தோலில் படக்கூடாது. மெத்தைக்குக் கீழே ஒரு தடித்த போர்வை விரிப்பது மேலே இரண்டு போர்த்துவதைவிட உதவும். அவர் மருந்து எடுப்பவரானால் கூடுதலாகச் சில நாட்களுக்குரியதைக் கொண்டுவாருங்கள்.

மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும். கொழுந்து எடுக்கும் பெண்கள் காலில் சவர்க்காரத்தைக் காயத் தேய்த்துக்கொண்டு மலைக்கு இறங்குவார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்லத் தள்ளிவிட்டு, கழுவி அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் சற்று நேரம் கசியும், பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை.

நானுஓயா லொறி எழுதியது:

சமையலைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் பருப்பு வேகாது, நாட்டரிசி நடுவில் அரிசியாகவே நிற்கும். பிரஷர் குக்கர் கொண்டுவாருங்கள், கேஸும் மிஞ்சும். மரக்கறியை வவுனியாவிலிருந்து சுமந்து வரவேண்டாம். லீக்ஸ், கரட், கோவா எல்லாம் வீதியோரத்திலேயே மண் காயாமல் கிடைக்கும். இரவுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் போதும். குளிருக்கு அதற்கு நிகர் இல்லை.

கொழும்பு மலையேறி எழுதியது:

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறீர்களா, அண்ணா? வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 9 மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். பிறகு மூட்டம் மூடிவிடும். நடை ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீற்றர். அம்மாவால் அது முடியாது. அவரும் இன்னொருவரும் தரிப்பிடத்துக்கு அருகில் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வாயிலில் பைகளைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், அதனால் உணவைச் சாப்பாட்டுப் பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். தரிப்பிடத்தில் மரை என்னும் பெரிய மான் பக்கத்தில் வரும். பிள்ளைகள் பிஸ்கட் நீட்டத் துடிப்பார்கள். கொடுக்கவே வேண்டாம். மனிதர் உணவுக்குப் பழகிய மரை பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிச் சாகிறது.

பூங்காவுக்குள் தங்கவும் முகாமிடங்கள் இருக்கின்றன. வன சீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆனால் மின்சாரம் போன்ற வசதிகளை எதிர்பார்க்க முடியாது. அம்மாவுடன் போவதால் உங்களுக்கு அது வேண்டாம்.

பண்டாரவளை ஆசிரியை எழுதியது:

மலையேறித் தம்பி இப்படி எழுதியதைக் கண்டு மனம் நிறைந்தது.

வவுனியாத் தம்பி, ஒரு விஷயம் விடுபட்டுவிட்டது. வண்டியின் கழிப்பறைப் பெட்டி நிறைந்தால் என்ன செய்வீர்கள்? அதைக் காட்டிலோ கானிலோ ஊற்றும் எண்ணத்துக்கே இடமில்லை. முகாமின் மலசலக் குழியில் ஊற்றலாமா என்று முன்பே கேளுங்கள். பெட்டிக்குள் போடும் திரவம் ஃபோர்மல்டிஹைட் கலந்ததாக இருந்தால் குழியிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும். குழி தன் வேலையை நிறுத்திவிடும். அது கலக்காத வகையை வாடகைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். பகலில் எல்லோரும் முகாமின் கழிப்பறையையே பயன்படுத்துங்கள். வண்டியிலுள்ளதை இரவில் அம்மாவுக்காக மட்டும் வைத்தால் பெட்டி நிறைய நாளாகும்.

இன்னொன்று. லயன் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்காமல் படம் பிடிக்க வேண்டாம். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ட்ரோன் வேண்டவே வேண்டாம். 1823-இலிருந்து இருநூறு ஆண்டுகளாக இந்த மலையைத் தோட்டமாக்கியவர்கள் அவர்கள். இன்றும் பலருக்குத் தாங்கள் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லை. வாசலில் நின்று பேசுங்கள். வழியும் சொல்வார்கள், பிளேன்டியும் தருவார்கள்.

வவுனியா வழிப்போக்கன் எழுதியது:

அக்கா, ஐயா, அண்ணா எல்லோரும் சொன்னவற்றை வைத்து இன்று நான்கு முகாம்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். கழிவுக் குழியைப் பற்றிக் கேட்டவுடன் ஒருவர் பேச்சை மாற்றினார். இன்னொருவருக்குத் தன் பிரதேச செயலகப் பிரிவே தெரியவில்லை. மூன்றாமவரிடம் எல்லாம் இருக்கிறது, ஆனால் வாயிலில் செங்குத்தான ஏற்றம். எங்கள் வண்டி அடியில் தட்டும் என்று அவரே நேர்மையாகச் சொன்னார்.

நான்காவது, ஹக்கலைக்கும் வெலிமடைக்கும் இடையில், பழைய பங்களா வளவு. சைப்ரஸ் மரங்கள், தட்டையான நிலம், வண்டிக்கு அருகில் மின் சொக்கெட், இரண்டு அறைக் கழிவுக் குழி. இரவு பத்து மணிக்கு மின்பிறப்பாக்கியை நிறுத்திவிடுவார்களாம். கீழே லயன் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றும், அவர்களுடைய ஊற்று முகாமுக்கு மேலே மறுபக்கத்தில் என்றும் சொன்னார். பெப்ரவரி முதல் கிழமைக்குப் பதிவு செய்துவிட்டேன்.

லொறி அண்ணா, அது ஊவா பக்கம் சாய்ந்த இடமாயிற்றே. பெப்ரவரியில் மழை எப்படி இருக்கும்?

நானுஓயா லொறி எழுதியது:

பெப்ரவரிக்குள் அந்தப் பக்கமும் பெரும்பாலும் விட்டுவிடும். ஹக்கலையைத் தாண்டியதும் இறக்கம் நீளமாக இருக்கும், இரண்டாம் கியரிலேயே போங்கள். சீதா எலிய அம்மன் கோயில் வழியிலேயே, வீதியோரத்தில் இருக்கிறது. காலையில் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். கோயிலுக்குள் படி இறங்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு கைத்தடி கொண்டுவாருங்கள்.